பதினோராம் அத்தியாயத்து அரக்கன்

செம்புலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஓர் ஈரத்துண்டு. குளியல் அதோடு சரி. எழுத்தாளர் மழைநேசன் முகத்தையும் கழுத்தையும் துடைத்து, அக்குளில் இரண்டு இழுப்பு இழுத்து, மிச்ச ஈரத்தைப் பெருந்தன்மையோடு மனைவி சௌந்தரவல்லியிடம் நீட்டினார். அவள் துண்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“மிச்சம்னீங்களே, அது எங்கங்க இருக்கு?”

பதில் சொல்வதற்குள் அவர் காதுக்குள் செவிமணி பேசத் தொடங்கியது. செவ்வாய்க் கிரகத்தில் தமிழர்கள் கட்டிக்கொண்டு வாழ்ந்த கண்ணாடிக் கூடாரம்தான் செம்புலம். அங்கே குழந்தைகளுக்குக் காது குத்தும்போதே செவிமணியையும் வைத்துவிடுவார்கள். செய்தி, பாட்டு, புத்தகம், மாமியார் எல்லாம் அதன் வழியாகத்தான் வந்து சேரும். எழுத்தாளர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வசதி உண்டு. காலைதோறும் கொட்டாவிக் கணக்கு வரும்.

“வணக்கம். நேற்று உங்கள் நாவல்களைக் கேட்டவர்கள் மூவர். கொட்டாவி நாற்பத்தொன்று. ஒருவர் தூங்கிவிட்டார். தூக்கத்தில் விட்ட கொட்டாவியைச் சேர்க்கவில்லை.”

மழைநேசனின் இயற்பெயர் குருபாதம். மழையை அவர் பார்த்ததில்லை. செம்புலத்தில் பிறந்த யாருமே பார்த்ததில்லை. இருந்தாலும் எழுதுகிறவனுக்குப் புனைபெயர் வேண்டும், அதில் கொஞ்சம் ஈரம் இருந்தால் நல்லது என்று இருபது வயதில் அவருக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடங்கள் எழுதினார். ஈரத்துண்டுக்கு அடித்துக்கொள்ளும் ஓரகத்திகள், அளவுக்கு மேல் மூச்சு விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரன் மேல் புகார் கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எல்லாமே குடும்பக் கதைகள். ‘வாழ்வின் மூச்சுத்திணறலைப் பதிவுசெய்தவர்’ என்று ஒரு விமர்சகர் சொன்னார். அவரும் முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. வெளியீட்டு விழாக்களுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. செம்புலத்துக்கே பொன்னாடை ஒன்றுதான் என்பதால், போர்த்திப் படம் எடுத்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த எழுத்து வாழ்க்கையின் கழுத்தில் கத்தி. செம்புலத்தில் சும்மா இருக்கிற ஆளுக்குக் காற்று கொடுக்க மாட்டார்கள். எழுத்தாளர் என்று பட்டியலில் இருக்க வேண்டுமானால் யாராவது கேட்க வேண்டும். இந்த வருடம் அவருடைய புத்தகம் ஒன்று ‘இளையோர் நூல்’ ஆகத் தேறியாக வேண்டும், இல்லாவிட்டால் பாசித் தொட்டி கழுவும் வேலைக்கு மாற்றிவிடுவோம் என்று நகர மன்றம் சொல்லிவிட்டது. இளையோர் நூல் என்றால், செம்புலத்தின் பையன்கள், பெண்கள் எல்லோருடைய செவிமணியிலும் ஏற்றப்படும் நூல். தேறினால் பரிசாக ஜன்னல் வைத்த வீடும் உண்டு.

அந்த ஜன்னலில்தான் சௌந்தரவல்லியின் உயிர் இருந்தது. காளான் கொட்டகையில் நாளெல்லாம் இருட்டில் வேலை. வீடு கூடாரத்தின் நடு வயிற்றில் ஓர் அறை, நாலு பக்கமும் அடுத்தவர் சுவர். செவ்வாயில் சூரியன் நீலமாக மறையும் என்று கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு வர்ணித்திருந்தார். “ஒருநாள் நம்ம வீட்லேர்ந்தே பாக்கலாம்” என்று வாக்கும் கொடுத்திருந்தார். இருபத்தைந்து வருடமாக அவள் சுவரில் ஒட்டிய படத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

செம்புலத்தில் வீட்டுக்கு ஏன் இத்தனை தட்டுப்பாடு என்று கேட்டால், இடம் இல்லை. காலியாகக் கிடந்தது ஒரே ஓர் இடம், வாயுத்தாங்கல். அந்த மண்ணுக்கு அடியில் கரியமில வாயு பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. கோடையில் சில வருடம் அது உருகிப் புகையாகி மேலே கசியும். காற்றைவிடக் கனம் என்பதால் தண்ணீரைப் போலவே தாழ்வான இடம் தேடி ஓடித் தேங்கும். கூடாரம் கட்டிய முதல் தலைமுறை அதற்காகவே ஒரு பெரிய பள்ளத்தைச் சும்மா விட்டுவைத்தது. அப்படிக் கசியும் கோடையில் பிள்ளைகள் அதன் கரையில் நின்று பலூன் விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏரியில் பலூன்கள் கீழே விழாமல் மிதந்து போகும்.

மழைநேசன் ஒரு வருடம் பாடுபட்டு மாயக்கதை எழுதினார். தலைப்பு ‘வானம் ஒழுகும் நாடு’. கூடாரத்தில் வாழ்கிறவர்களுக்கு ‘ஒழுகல்’ என்ற சொல்லைக் கேட்டாலே தூக்கம் போய்விடும். அந்தத் தலைப்பே பாதி வேலையைச் செய்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். பூமியின் பழைய தொலைக்காட்சிச் செய்திகள் ஆவணக் கிடங்கில் மலைமலையாகக் குவிந்திருந்தன. அதில் ஒரு கடற்கரை நகரத்தைத் தேர்ந்தெடுத்து, செங்கழுநீர் என்ற பதினாறு வயதுப் பெண்ணை அங்கே நாயகியாக விட்டார். ஏழுதலை நாகம், பேசும் காகம், மேகத்தை மேய்க்கும் மந்திரவாதி என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. பதினோராம் அத்தியாயம் மட்டும் கற்பனை இல்லை. அதைச் செய்தியில் பார்த்தபடியே எழுதினார். எழுதி முடித்த அன்று அவருக்கே கண் கலங்கியது, அப்படியொரு அத்தியாயம் அது.

நூல் தேறுமா என்று முடிவு செய்வது திருத்தன். இடுப்பு உயரம், மூன்று சக்கரம், பதிப்புத் துறையின் எந்திரன். கூடவே சோதனை வாசகியாக இருநிலா என்ற பதினாறு வயதுப் பெண் இருந்தாள். செவ்வாய்க்கு நிலா இரண்டு என்பதால் அந்த ஊரில் அப்படியும் பெயர் வைப்பார்கள். அவளுக்கு வாய் மூன்று என்று அவள் அம்மா சொல்லிக்கொள்வதுண்டு.

“பாம்புக்கு ஏழு தலை. ஏற்றுக்கொண்டேன்” என்றது திருத்தன். “காகம் பேசுகிறது. ஏற்றுக்கொண்டேன். வானத்திலிருந்து தண்ணீர் இலவசமாக விழுகிறது. சற்று யோசித்தேன், மாயக்கதைதானே என்று அதையும் ஏற்றுக்கொண்டேன். பதினோராம் அத்தியாயம்தான் ஐயா தொண்டையில் நிற்கிறது.”

திருத்தனுக்குத் தொண்டை கிடையாது. பழைய பதிப்பாளர்களிடம் பழகிய தோஷம்.

“அதுல என்ன குறை?” மழைநேசனின் குரல் உயர்ந்தது. “புத்தகத்துலயே அதாங்க உசிரு!”

“மக்கள் தாகத்தில் தவிக்கிறார்கள். ஊரில் ஏரி இருக்கிறது. அந்த ஏரியை மண் கொட்டி மூடுகிறார்கள். மூடிய இடத்தில் வீடு கட்டி, அதற்கு ‘ஏரிக் காட்சி நகர்’ என்று பெயர் வைக்கிறார்கள். ஏரிதான் இல்லையே, எதைக் காண்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை வருகிறது. தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது. எல்லோரும் மொட்டைமாடியில் ஏறி, படகுக்குக் கை காட்டுகிறார்கள். இதுவரை சரி. தவறு எவருக்கும் நேரும்.”

“அப்புறம் என்ன?”

“தண்ணீர் வடிந்ததும் சுவரில் இருந்த கறையின் மேல் பெயிண்ட் அடிக்கிறார்கள். அடுத்த கோடையில் அதே வீட்டை இன்னும் கூடுதல் விலைக்கு இன்னொருவர் வாங்குகிறார், ஐயா. பால் காய்ச்சுகிறார். மழை வருகிறது. மறுபடி மாடி ஏறுகிறார். மறுபடி பெயிண்ட்.” திருத்தன் தன் சக்கரத்தில் லேசாகப் பின்னால் நகர்ந்தது. “எந்த உயிரினமும் இப்படி நடந்துகொள்ளாது. எறும்புகூட இடம் மாற்றும்.”

இருநிலா அதுவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “அங்கிள், பாம்புக்கு ஏழு தலை ஓகே. இவங்க யாருக்கும் ஒரு தலைகூட இல்லையா?”

‘அங்கிள்’ வேறு சேர்ந்துகொண்டதில் மழைநேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. “இது நடந்ததும்மா! நான் இட்டுக்கட்டலை. ஆவணக் கிடங்குல ஓடுது, போய்ப் பாரு! வருஷா வருஷம் நடந்திருக்கு!”

“நடந்ததா என்பது என் கேள்வி இல்லை” என்றது திருத்தன். “நம்பும்படி இருக்கிறதா என்பதுதான். நம்பகச் சான்று இல்லாமல் நூல் தேறாது. ஒரு யோசனை சொல்லட்டுமா? ஓர் அரக்கனைப் போட்டுவிடுங்கள். அவன் மயக்கியதால் இப்படிச் செய்தார்கள் என்றால் வாசகர் நம்புவார்.”

“என் நாவல்ல ஒரே ஒரு உண்மைதான் இருக்கு. அதையும் அரக்கன் தலையில கட்டச் சொல்றியா?”

“ஆம்” என்றது திருத்தன். அதற்கு நெளிவு சுளிவு தெரியாது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கலை, நேர்மை, படைப்பாளியின் முதுகெலும்பு என்று பேசினார். சௌந்தரவல்லி காளான் அரிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முதுகெலும்பு இருக்கட்டும். பாசித் தொட்டியில எறங்கி ஏற உங்க முழங்கால் தாங்குமா? அந்த அரக்கனைப் போட்டா என்னங்க குறைஞ்சிடப் போவுது?” என்றாள். பிறகு சுவரில் இருந்த நீலப் படத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரை உட்கார வைத்தது. உட்கார்ந்து அரக்கனை எழுதினார்.

மறப்பன் என்று பெயர். கட்டைவிரல் உயரம். மனிதரின் தோளில் ஏறி உட்கார்ந்து காதுக்குள் ஊதுவான். ஊதினால் போன வருடம் நடந்தது மறந்துபோகும். ஊதப்பட்டவரை அவர் பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ‘எல்லாரும்தான் வாங்கறாங்க’ என்பார். ‘அதெல்லாம் அப்ரூவல் ஆயிடுச்சு’ என்பார். முற்றிப்போன கேஸாக இருந்தால் ‘நம்ம பக்கம் கொஞ்சம் மேடு’ என்பார். நாயகி செங்கழுநீர் அப்படிச் சொல்கிறவர்களின் தோளில் பட்டென்று ஒரு சுண்டு சுண்டுவாள். மறப்பன் தெறித்து விழுவான், ஆளுக்குத் தெளிந்துவிடும். கடைசி அத்தியாயத்தில் ஊரே ஒருவரையொருவர் சுண்டிக்கொண்டு, வீடுகளைக் காலி செய்து, ஏரியைத் தோண்டி எடுக்கிறது.

“இப்போது தாராளமாக நம்ப முடிகிறது” என்று திருத்தன் சான்று கொடுத்தது.

நூல் செவிமணிகளில் ஏறிய மறுநாள் காலை கொட்டாவிக் கணக்கு பூஜ்யம். செவிமணி பழுதாகிவிட்டதோ என்று மழைநேசன் காதைத் தட்டிப் பார்த்தார். பழுதில்லை. செம்புலத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கண் கொட்டாமல் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரத்தில் சுண்டு விளையாட்டு ஊரெங்கும் பரவியது. ஆசிரியர்களைச் சுண்டினார்கள், அப்பாக்களைச் சுண்டினார்கள், நகர மன்றத் தலைவரையே ஒரு விழாவில் சுண்டிவிட்டார்கள். அவர் பேச்சில் அவ்வளவு மறப்பன்கள் இருந்தார்கள். முப்பது வருடம் யாரும் திரும்பிப் பார்க்காத மனிதரைத் தெருவில் நிறுத்தி, “மறப்பனுக்கு இன்னொரு புக் எப்ப?” என்று கேட்டார்கள். செங்கழுநீரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பதில் அவருக்கு லேசான வருத்தம். ஆனால் இனி பாசித் தொட்டி இல்லை. அந்த ஒரே பொன்னாடையை இந்த முறை அவர் ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள்.

பிறகு பரிசு வீட்டைக் காட்ட வீட்டுவசதி அதிகாரி தணிகைமலை வந்தார். மழைநேசனையும் சௌந்தரவல்லியையும் வண்டியில் ஏற்றி ஒரு வளைவின் முன்னால் இறக்கினார். ‘தாங்கல் காட்சி நகர்’ என்று வளைவில் எழுதியிருந்தது.

மழைநேசன் நின்றார். “இது... வாயுத்தாங்கல் ஆச்சே?”

“தாங்கலா இருந்த எடம் சார். இப்ப நகர். மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணியாச்சு.”

“வாயு வராதா?”

“அஞ்சு வருஷமா எங்க சார் வந்துது? வந்தா கத்தறதுக்கு மோப்பமணி வெச்சிருந்தோம். அது சும்மாச் சும்மாக் கத்தி வீடு பாக்க வர்றவங்களைப் பயமுறுத்துது. கழட்டிட்டோம்.”

உள்ளே போனார்கள். சுவரில் அழகுக்காக வளர்த்திருந்த பாசி மேலே பச்சையாக இருந்தது. கீழே முழங்கால் உயரம்வரை கருகிக் கிடந்தது. கருகிய பகுதியில் பழுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள், பெயிண்ட் இன்னும் காயவில்லை.

“டபுள் கலர் சார். இப்ப இதான் ஃபேஷன்” என்றார் தணிகைமலை.

மழைநேசன் அந்தக் கோட்டைப் பார்த்தார். எங்கோ படித்த மாதிரி இருந்தது. எங்கே எழுதினோம் என்று யோசிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, “என்னங்க, இங்க வாங்களேன்” என்று சௌந்தரவல்லியின் குரல் கேட்டது.

அவள் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே சிவந்த சமவெளிக்கு அப்பால் சூரியன் சின்னதாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வானம் நீலம். அவள் கன்னத்திலும் அந்த நீலம் பட்டது. அழுதுகொண்டிருந்தாள். தண்ணீரை இப்படி வீணாக்குகிறோமே என்று துடைத்துக்கொண்டு சிரித்தாள். இருபத்தைந்து வருட வாக்கு இப்படிக் கண்முன்னால் நிற்கும்போது எந்தப் புருஷனும் சுவரில் உள்ள கோட்டைப் பற்றி யோசிக்க மாட்டான். மழைநேசனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

“அதெல்லாம் அப்ரூவல் ஆயிடுச்சுல்ல?” என்று மட்டும் கேட்டார்.

“ஆகாம இருக்குமா சார்? எங்க மன்றத் தலைவரே மூணு வீடு எடுத்திருக்காரு.”

“அப்புறம் என்ன. எல்லாரும்தான் வாங்கறாங்க” என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

கோடை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துக் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். கூடாரத்துக்குள் தீ மூட்ட அனுமதி அதற்கு மட்டும்தான் உண்டு, ஒரே ஒரு குத்துவிளக்கு. விருந்தினர் கூட்டம் நிரம்பி வழிந்தது. திருத்தனும் வந்தது, இருநிலாவும் வந்தாள். பிள்ளைகள் வீடு முழுக்கப் பலூன் கட்டியிருந்தார்கள். அவிழ்ந்து விழுந்த பலூன்கள் தரையைத் தொடாமல் முழங்கால் உயரத்தில் மிதந்தன. என்ன அழகு என்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சௌந்தரவல்லி கோலத்தின் நடுவில் குத்துவிளக்கை வைத்து முதல் திரியை ஏற்றினாள். அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது.

“தரையில் கரியமில வாயு தேங்கியிருக்கிறது” என்றது திருத்தன். அதன் மேல்பாதி மட்டும்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஏரிக்கு மேலே இருந்தது. “இப்போது முழங்கால் அளவு. ஏறிக்கொண்டிருக்கிறது.”

“இவன் எப்பவும் இப்படித்தான். குறை சொல்லியே பழக்கம்” என்று தணிகைமலை சிரித்தார். “திரி ஈரமா இருக்கும்மா.”

செம்புலத்தில் எது ஈரமாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. யாரோ ஒரு மேசையை இழுத்துப் போட்டார்கள். விளக்கை அதன் மேல் வைத்து ஏற்றினாள், எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இருநிலா மட்டும் கை தட்டவில்லை. அவள் முகம் வெளிறியிருந்தது. “அங்கிள், வாங்க போயிடலாம். ஆன்ட்டி, நைட் எப்படி இங்க படுப்பீங்க?”

“அதுக்கென்னடி கண்ணு, கட்டிலைக் கொஞ்சம் ஒசத்திப் போட்டுக்கிட்டாப் போச்சு” என்றாள் சௌந்தரவல்லி, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தபடி.

“பயப்படாதேம்மா” என்று மழைநேசன் இருநிலாவின் தலையைத் தடவினார். “மத்த வீட்டைவிட நம்ம பக்கம் ரெண்டு படி மேடு.”

இருநிலா அவர் தோளில் சுண்டினாள். நன்றாகவே சுண்டினாள், வலித்தது. பிறகு குனிந்து தரையில் தேடினாள். எதுவும் விழுந்திருக்கவில்லை. அடுத்த தோளிலும் சுண்டினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புத்தகம் எப்படிப் பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கிறது பாருங்கள் என்று தணிகைமலை பாராட்டினார்.

திருத்தன் ஒவ்வொரு விருந்தினரின் தோளையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தது. கடைசியில் மழைநேசனின் முன்னால் வந்து நின்றது.

“ஐயா, ஒரு தோளிலும் அரக்கன் இல்லை.”

“அது கதைப்பா. நீ சொல்லித்தானே போட்டேன்?”

“அது என் பிழை. வருந்துகிறேன். உங்கள் பழைய பதினோராம் அத்தியாயத்துக்கு இப்போதே நம்பகச் சான்று தருகிறேன். அடுத்த பதிப்பில் அரக்கனை எடுத்துவிடலாம்.”

மழைநேசனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முப்பது வருட எழுத்தில் ஒரு பதிப்பாளர் தன் தப்பை ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. “வல்லி, கேட்டியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல!” என்று கத்தினார். திரும்பிப் பார்த்தபோது மேசை மேல் இருந்த விளக்கு அணைந்திருந்தது. யாராவது போய் இதைவிட உயரமான ஒரு ஸ்டூல் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.